ஸ்டோக் ரோவில் காசி ராஜாவின் கிணறு

ஆங்கிலக் கிராமம் என்றால் நடுவே ஓர் ஓடை, அதன் மேல் கல்பாலம், கரையில் வாத்துகள் என்று நாட்காட்டிப் படங்கள் நம்மைப் பழக்கிவைத்திருக்கின்றன. ஸ்டோக் ரோவில் ஓடை கிடையாது. ஆகவே பாலத்துக்கும் வேலையில்லை. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் தென்கோடியில், சில்டர்ன் குன்றுகளின் மேல், சாலையோரமாக நீண்டு கிடக்கும் சின்ன ஊர் அது. மக்கள்தொகை சுமார் 650. ரெடிங் நகரிலிருந்து வடக்கே 9 மைல். படகுப் போட்டிக்குப் பேர்போன ஹென்லியிலிருந்து மேற்கே 5 மைல். ஹென்லியில் தேம்ஸ் அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அங்கிருந்து குன்றேறத் தொடங்கிய சில மைல்களுக்குள் ஆறு, வாய்க்கால் எதுவும் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

வழியெல்லாம் பீச் மரங்கள். வழுவழுப்பான சாம்பல் நிற அடிமரம், உயரத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கிளைகள். என்னைக் காரில் கூட்டிவந்த நண்பர் நண்பகலிலேயே விளக்கைப் போட வேண்டியிருந்தது. எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்கி வேலியோரம் ஒதுங்க வேண்டிய அளவுக்குத்தான் சாலை. காடு விலகிய இடங்களில் வயல், வயலுக்கு மேலே பருந்துகள். வால் நடுவில் பிளந்த, செம்பழுப்பு நிறப் பருந்து. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் சுட்டும் விஷம் வைத்தும் அடியோடு அழிக்கப்பட்ட பறவை இது. 1989 தொடங்கி சில ஆண்டுகள் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இப்போது நம் ஊர்ச் சந்தைக்கு மேலே வட்டமிடுகிற மாதிரி சர்வசாதாரணமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பார்த்துக்கொண்டே வந்ததில் ஊர் வந்ததே தெரியவில்லை.

தெருவின் ஒரு பக்கத்தில், புல்வெளிக்குள், இரும்புத் தூண்களின் மேல் ஒரு குவிமாடம் நிற்கிறது. நாலாபுறமும் திறந்த மண்டபம். 23 அடி உயரம் இருக்கும். கருஞ்சிவப்பும் பொன்னிறமுமாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். காசி மகாராஜா அளித்த கிணறு இது என்று மாடத்தின் விளிம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. உள்ளே நீர் இறைக்கும் இயந்திரம்: பெரிய சக்கரம், பல்சக்கரங்கள், சுற்றுவதற்குக் கைப்பிடி. அந்த இயந்திரத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய ஒரு யானை. அதற்குப் பின்னால் செங்கல் வீடுகள், வேலியோரம் நிறுத்திய கார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு போகிற ஒருவர். யானையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம்.

இந்தக் கிணற்றின் ஆழம் 368 அடி. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் உச்சிச் சிலுவை தரையிலிருந்து 365 அடி. அதைத் தலைகீழாகக் கிணற்றுக்குள் இறக்கினாலும் மூன்றடி மிஞ்சும். அகலமோ வெறும் 4 அடி. அவ்வளவையும் மனிதர்கள் கையால் வெட்டினார்கள். செலவு மொத்தமும் காசியிலிருந்து வந்தது.

குன்றின் மேல் இவ்வளவு மழை பெய்கிற நாட்டில் ஏன் 368 அடி போக வேண்டும்? பதில் காலடியில் இருக்கிறது. சில்டர்ன் குன்றுகள் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்கல். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுகிற அந்தச் சாக்குக்கட்டியின் இனம். கடற்பாசி போல அது மழையை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுகிறது. தண்ணீர் இறங்கி இறங்கி, தேம்ஸ் பள்ளத்தாக்கின் மட்டத்தை நெருங்கிய பிறகுதான் தேங்கி நிற்கும். பள்ளத்தாக்கில் இருப்பவனுக்கு ஊற்று வாசலிலேயே கிடைக்கும். மேட்டில் இருப்பவனுக்கு அதே ஊற்று நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே. சுண்ணாம்புக்கு மேலே மட்டும் சக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண் ஒரு போர்வையாகப் படிந்திருக்கிறது. அந்தக் களிமண்ணில் குழி தோண்டினால் மழைநீர் கொஞ்ச நாள் நிற்கும். ஸ்டோக் ரோ மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தது அந்தக் குட்டைத் தண்ணீரைத்தான்.

குளிர்காலத்தில் சேறு கலந்த நீர். கோடையில் அதுவும் வற்றிவிடும். மாடு இறங்கிய குட்டையிலேயே மனிதர்களும் மொண்டார்கள். வறட்சி வந்தால் சமைத்த தண்ணீரையே திரும்பப் பயன்படுத்தினார்கள். கூரைத் தண்ணீரைச் சேமித்து வைக்கப் பெரிய தொட்டி கட்ட வசதி வேண்டும். குடிசைக்காரர்களிடம் அது எங்கே? மரம் வெட்டுகிறவர்கள், செங்கல் சுடுகிறவர்கள், கூலிக்கு அறுவடைக்குப் போகிறவர்கள். பணம் உள்ளவர்கள் பள்ளத்தாக்கில் குடியிருந்தார்கள், அல்லது தங்களுக்கென்று ஆழக்கிணறு வைத்துக்கொண்டார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்து உலகத்துக்கெல்லாம் ரயிலும் தந்தியும் போட்டுக்கொண்டிருந்தபோது, அதன் தலைநகரிலிருந்து நாற்பது மைல் தள்ளி இப்படி ஒரு வாழ்க்கை இருந்தது. பேரரசின் கதையைப் படிக்கும்போது இந்தக் குடிசைகளை நாம் மறந்துவிடுகிறோம். ஆங்கிலேயர்களும் நமக்குச் சொன்னதில்லை.

சொன்னவர் ஒருவர் உண்டு. எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். ஸ்டோக் ரோவுக்குப் பக்கத்திலுள்ள இப்ஸ்டன் பண்ணை மாளிகையில் பிறந்தவர். விக்டோரியா காலத்தில் மிகப் பெயர்பெற்றிருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் ரீட் இவருடைய தம்பி. எட்வர்ட் இளவயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்து வடஇந்தியாவுக்குப் போனார். 1831-இல் ஆஸம்கர் பகுதியில் மக்களுக்காக ஒரு கிணறு வெட்டவைத்தார். படிப்படியாக உயர்ந்து, 1857 செப்டம்பரில் ஆக்ரா கோட்டைக்குள் வடமேற்கு மாகாணங்களின் லெஃப்டினன்ட் கவர்னர் கால்வின் இறந்தபோது, கொஞ்ச காலத்துக்கு அந்தப் பொறுப்பையும் ஏற்றார். சிப்பாய்க் கிளர்ச்சியின் உச்சக்கட்டம் அது. 1860-இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார்.

ரீட் குடும்பத்துக்கு இந்தியா வேறு விதத்திலும் கணக்கு வைத்திருந்தது. இப்ஸ்டன் வயல்வெளியில் ஒரு சிறு கல்தூபி நிற்கிறது. எட்வர்டின் அண்ணன் ஜான் 1827-இல் சகாரன்பூரில் இறந்துபோனார். கப்பல் தபால் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் காலம். மகன் இறந்த செய்தி வருவதற்கு முன்பே அவனுடைய உருவத்தைத் தாயார் அந்த இடத்தில் கண்டதாக ஊரில் கதை. அதன் நினைவாகத்தான் தூபி. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் இஷ்டம். இறந்த ஊரின் பெயரும் நாளும் கல்லில் வெட்டியிருப்பது மட்டும் உண்மை. சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் சகாரன்பூர் என்று ஒரு கல். கிணற்றைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்க்காமல் போகக்கூடாது என்பது என் கட்சி.

ரீட் காசியில் பழகியவர்களில் மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண் சிங்கும் ஒருவர். 1835-இலிருந்து 1889 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பட்டத்தில் இருந்தவர். காசிக்குப் போன தமிழர்கள் கங்கையின் எதிர்க்கரையில் ராம்நகர்க் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். அதுதான் அவருடைய இருப்பிடம். ராம்நகரில் ஒரு மாதம் நடக்கும் ராமலீலாவைப் போஷித்தவர்கள் இந்த வம்சத்தினர். நவீன இந்தி இலக்கியத்தின் முன்னோடியான பாரதேந்து ஹரிச்சந்திரர் இவர் ஆதரவில் இருந்தவர். பட்டம் மகாராஜாவானாலும் அக்காலத்தில் அது தனி சமஸ்தானம் இல்லை. காசிக்குச் சமஸ்தான அந்தஸ்து கிடைத்தது 1911-இல்தான். அதாவது, கொடுத்தவரும் ஒருவகையில் பிறர் கையை எதிர்பார்த்து இருந்தவரே.

இருவரும் பேசிக்கொண்ட பேச்சில் ரீட் தன் சொந்த ஊர்ப்பக்கத்துக் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார். தாகத்தில் ஒரு சிறுவன் வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான். அதற்காகத் தாய் அவனை அடித்துவிட்டாள். இவ்வளவுதான் கதை. ஆண்டுகள் கழித்து, ரீட் இங்கிலாந்து திரும்பிய பின், அந்த நாட்டில் ஏதாவதொரு தர்மம் செய்ய வேண்டும் என்று மகாராஜாவுக்கு எண்ணம் எழுந்தபோது, ஞாபகத்துக்கு வந்தது அந்தப் பையன். தண்ணீரில்லாத அந்த மேட்டில் ஒரு கிணறு வெட்டலாம், நீங்களே முன்னின்று செய்யுங்கள் என்று ரீடிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

ஆளவந்த நாட்டின் அதிகாரி ஒருவர், ஆளப்பட்ட நாட்டின் ராஜாவிடம், எங்கள் ஊரிலும் தண்ணீருக்காகக் குழந்தைகள் அடிவாங்குகிறார்கள் என்று வாய்விட்டுச் சொன்னதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. கலெக்டர் பங்களாக்களில் இங்கிலாந்து என்றால் பசும்புல், ரோஜாத்தோட்டம், ராணி. அந்த வேஷத்தை ஒருவர் ஒரு மாலைப்பொழுதுக்குக் கழற்றிவைத்திருக்கிறார்.

1863 மார்ச் 10-ஆம் தேதி வேலை தொடங்கியது. வேல்ஸ் இளவரசர் எட்வர்டுக்கும் டென்மார்க் இளவரசி அலெக்சாண்டிராவுக்கும் கல்யாணம் நடந்த நாள். நாள் பார்த்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். மேலே களிமண்ணும் சரளையும் உள்ள பகுதி சரியும் என்பதால் செங்கல் வைத்து உறை கட்ட வேண்டும். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல் தானாக நிற்கும். 4 அடி வட்டத்துக்குள் ஒருவர் குனிந்து கொத்தத்தான் இடம். கொத்திய கல்லை வாளியில் போட்டு மேலே அனுப்ப, மேலே இருப்பவர் உருளையைச் சுற்றி இழுக்க, வெற்று வாளி திரும்ப இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 4,600 கன அடிக்கு மேல் மண்ணும் கல்லும் அந்தச் சின்ன வாய் வழியாக வெளியே வந்திருக்க வேண்டும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை நமக்குத் தெரியும். அந்தப் பூதம் பெரும்பாலும் கெட்ட காற்றுதான். ஆழம் போகப்போக மெழுகுவத்தி மங்கினால் மேலே வந்துவிட வேண்டும். மேலேயிருந்து ஒரு சக்கிமுக்கிக் கல் நழுவி விழுந்தால், 368 அடி கீழே நிற்பவன் தலைக்கு ஒதுங்க இடம் கிடையாது. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அந்த 4 அடி வாய், வானத்து முழுநிலவைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரிந்திருக்கும். பகல் முழுவதும் அந்த நிலா வெளிச்சத்தில் ஒருவர் வேலை செய்திருக்கிறார். ராஜாவின் பெயர் மாடத்தில் இருக்கிறது, ரீடின் பெயர் எல்லா வரலாற்றுக் குறிப்பிலும் இருக்கிறது. குனிந்து கொத்தியவர்களை மாடம் சொல்லவில்லை. பெரிய கோவில், பெரிய அணை எதைப் பார்க்கப்போனாலும் மனத்தில் வருகிற அலுப்பான குறைதான் இது. இருந்தாலும் இந்த 4 அடி வட்டத்தின் அருகில் நின்றபோது சொல்லாமல் நகர முடியவில்லை.

இயந்திரத்தையும் மாடத்தையும் வாலிங்ஃபோர்டிலிருந்த வைல்டர் பட்டறை வார்த்துக்கொடுத்தது. உழவுக் கருவிகள் செய்துகொண்டிருந்த கிராமத்து இரும்புப் பட்டறைக்கு யானை வார்க்கும் வேலை புதிதாகத்தான் இருந்திருக்கும். 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில், கிணறு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மொத்தச் செலவு 353 பவுன், 13 ஷில்லிங், 7 பென்ஸ். அன்றைக்கு இந்தப் பக்கத்துப் பண்ணைக் கூலியாளுக்கு வாரத்துக்குச் சுமார் பத்து ஷில்லிங்தான் கிடைத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு கூலியாளின் 13 ஆண்டு உழைப்பு. ஊர்க்காரர்கள் தாங்களே சேர்ந்து வெட்டிக்கொண்டிருக்கலாமே என்று யாரும் கேட்க முடியாத தொகை.

தண்ணீர் இலவசம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து இறைத்துக்கொள்ளலாம். ஆனால் இறைப்பது லேசான காரியமில்லை. அடியிலிருந்து ஒரு வாளி மேலே வரப் பத்து நிமிஷம் பிடிக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒரு வாளி ஏறும், இன்னொன்று இறங்கும். வாளிகளின் கனம் ஒன்றையொன்று சமன்செய்யும் என்பதால் ஒரு மனிதனால் அதைச் சுற்ற முடிந்தது. மணிக்கு ஆறு வாளி. அடுத்த வீட்டுக்காரி தன் முறைக்குக் காத்து நிற்கும் பத்து நிமிஷத்தில் ஊர் வம்பு முழுவதும் பேசி முடித்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். குழாய் வந்ததும் கிராமங்கள் இழக்கிற முதல் பொருள் அந்த வம்புதான். அதற்காக யாரும் மறுபடி 368 அடிக் கயிற்றைச் சுற்ற மாட்டார்கள்.

ரீடின் கெட்டிக்காரத்தனம் வேறொரு இடத்தில் தெரிகிறது. கிணறு வெட்டிக்கொடுத்துவிட்டுப் போனால் பத்து ஆண்டில் பல்சக்கரம் துருப்பிடிக்கும், வடம் தேயும், மாற்றக் காசிருக்காது. ஆகவே கிணற்றை ஒட்டிய நிலத்தில் செர்ரி மரங்களை நட்டார்கள். பழம் விற்ற காசு கிணற்றுப் பராமரிப்புக்கு. நம்மூரில் கோவில் விளக்கெரிய நிலம் எழுதிவைப்பார்களே, அந்த ஏற்பாடுதான். தோட்டத்துக்கு மகாராஜாவின் பெயரால் ஈஸ்ரீ பாக் என்று பெயர். கிணற்றைக் காப்பவருக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி வீடு. அதற்கு 74 பவுன், 14 ஷில்லிங், 6 பென்ஸ் ஆனது. தோட்டத்துக்குள் ஒரு குட்டை வெட்டினார்கள், மீன் வடிவத்தில். மீன் காசி அரச குடும்பத்தின் சின்னம். தரையில் நின்று பார்த்தால் மீன் புலப்படுவது கஷ்டம். மேலே வட்டமிடும் பருந்துகளுக்குத் தெரியுமோ என்னவோ. செர்ரி மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் தோட்டத்துப் பெஞ்சுகளில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள்.

மகாராஜா கடல் கடந்து வந்து இதைப் பார்த்ததில்லை. ஆனால் ஊரை மறக்கவும் இல்லை. 1882-இல் வின்ட்ஸர் ரயில் நிலையத்தில் விக்டோரியா ராணியை ஒருவன் சுட முயன்று, ராணி தப்பியபோது, ஸ்டோக் ரோ மக்களுக்குச் சாப்பாடு போட்டு, தேயிலையும் சர்க்கரையும் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

இதையெல்லாம் உருகி உருகிக் கேட்டுவிட்டுப் போகலாம்தான். எனக்கு அப்படி முடியவில்லை. 1857-இல் காசி மகாராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். ராணியின் பிறந்தநாளில் திறப்பு, இளவரசர் கல்யாணத்தன்று பூமிபூஜை, ராணி தப்பியதற்குச் சாப்பாடு: ஒவ்வொன்றிலும் விசுவாசத்தின் முத்திரை குத்தியிருக்கிறது. இந்தியாவில் கிணறு என்று சொன்னால் அன்றைய ஆங்கில வாசகர்களின் மனத்தில் எழுந்தது கான்பூர்க் கிணறு. 1857 ஜூலையில் அங்கே கொல்லப்பட்ட ஆங்கிலப் பெண்கள், குழந்தைகளின் உடல்களை ஒரு கிணற்றில் போட்டார்கள். அதற்குப் பழியாக ஆங்கிலப் படை செய்த தூக்குகளும் ஊர் எரிப்புகளும் கணக்கிலடங்காதவை. 1860-களின் முதல் பாதியில் கான்பூர்க் கிணற்றின் மேல் பளிங்குத் தேவதை சிலை வைத்து நினைவிடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டுகளில்தான் இங்கே ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இந்திய ராஜா ஒருவரின் காசில் கிணறு எழுகிறது. இதை அரசியல் இல்லாத தர்மம் என்று சொல்வதற்கில்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 1860-61-இல் வடமேற்கு மாகாணங்களின் மேற்குப் பகுதியைக் கொடும் பஞ்சம் தாக்கியது. ராஜாவின் 353 பவுனுக்கு வடஇந்தியாவிலேயே தேவை இல்லாமல் இல்லை.

இவ்வளவும் சரி. ஆனால் விசுவாசத்தைக் காட்டத்தான் வேண்டுமென்றால் லண்டனில், பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஏதாவது கட்டியிருக்கலாம். அரச குடும்பத்தார் எட்டிப் பார்க்காத, ஹென்லிக்காரர்களே வழிகேட்டுப் போக வேண்டிய ஒரு மேட்டுக் காட்டில், மரம் வெட்டிகளின் குடிசைகளுக்கு நடுவே கிணறு வெட்டியதற்கு அரசியல் காரணம் தேடினால் அகப்படாது. அங்கே அந்தப் பையன்தான் இருக்கிறான். அரசியலும் உண்டு, பையனும் உண்டு. நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

ஊரில் மற்றவற்றைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். 1846-இல் கட்டிய செயின்ட் ஜான் தேவாலயம், வயலில் பொறுக்கிய சக்கிமுக்கிக் கற்களால் ஆன சுவர். இந்தக் குன்றுகளில் கட்டடக் கல் கிடையாது, கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள். உடைத்த முகம் வெளியே தெரியும்படி பதித்த கற்கள் மழையில் நனைந்தால் கறுப்புக் கண்ணாடி போல மினுங்கும்.

சந்துக்குள் காட்டோரமாக இருக்கும் கிரூக்டு பில்லெட் என்ற பப் 1642-இல் தோன்றியதாகச் சொல்லிக்கொள்கிறது. வழிப்பறிக்காரன் டிக் டர்பின் இங்கே ஒளிந்திருந்து கடைக்காரர் மகளைக் காதலித்தான் என்பது வழக்கமான கதை. தென் இங்கிலாந்தில் பழைய பப் ஒவ்வொன்றிலும் அவன் ஒளிந்திருக்கிறான். குதிரைக்கு ஓய்வே கிடைத்திருக்காது. மெய்யான கதை 1998-இல் நடந்தது: 'டைட்டானிக்' வந்து உலகப் புகழின் உச்சியில் இருந்த கேட் வின்ஸ்லெட் தன் கல்யாண விருந்தை இந்தப் பப்பில்தான் வைத்துக்கொண்டார். விருந்தின் முக்கியப் பதார்த்தம் மசித்த உருளைக்கிழங்கும் சாசேஜும்.

சுற்றிலும் உள்ள பீச் காடுதான் ஊரின் பழைய தொழிற்சாலை. காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, காலால் மிதிக்கும் கடைசல் பட்டறையில் நாற்காலிக் கால்களைக் கடைந்து ஹை விக்கம் நகர நாற்காலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்கள். ஸ்டோக் ரோ குறிப்பாகக் கூடார முளைகளுக்குப் பேர்போனது. பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போர்க்காலத்தில் இங்கிருந்து முளைகள் மலைமலையாகப் போயின. எந்தெந்தப் பாலைவனத்தில் இந்தப் பீச் மரத் துண்டுகளை அடித்திறக்கினார்களோ. பிறகு பிரஷ் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. இப்போது காட்டில் நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும்.

குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் கிணற்றுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பிறகே அது ஓய்ந்தது. 1961-இல் எலிசபெத் ராணி காசிக்குப் போனபோது, அன்றைய மகாராஜா விபூதி நாராயண் சிங் இந்தக் கிணற்றின் தந்த மாதிரியுரு ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, நூற்றாண்டு வரப்போவதையும் சொல்லி அனுப்பினார். 1964 ஏப்ரலில் நூற்றாண்டு விழாவுக்கு ராணியின் கணவர் ஃபிலிப் இளவரசர் வந்தார். காசியிலிருந்து கங்கை நீர் வந்தது. அதைக் கிணற்று நீரோடு கலந்தார்கள். காசியில் எடுத்த கங்கையை ராமேசுவரத்துக்குச் சுமந்து சேர்க்கிற வழக்கமுள்ள நமக்கு, அது எதற்காக என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஃபிலிப்புக்கு யார் விளக்கினார்களோ தெரியாது.

காசி ராஜாவின் கிணற்றைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. ராஜா சர் தேவநாராயண் சிங் என்பவர் பக்கத்து இப்ஸ்டனுக்கு ஒரு கிணறு கொடுத்தார். லண்டன் தெருக்களில் ஏழைகளுக்கு நல்ல குடிநீர் கிடைக்கவேண்டும் என்று 1859-இல் தொடங்கிய குடிநீர் ஊற்றுச் சங்கத்தின் வழியாகவும் இந்தியப் பணம் வந்தது. பம்பாய்ப் பார்சி செல்வந்தர் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமனி கொடுத்த ஊற்று 1869-லிருந்து ரீஜண்ட்ஸ் பார்க்கில் கோபுரம் போல நிற்கிறது, இன்றும். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1867-இல், ஹைட் பார்க்கில் மார்பிள் ஆர்ச் பக்கம் ஓர் ஊற்றைக் கட்டிக்கொடுத்தவர் விஜயநகரம் மகாராஜா. வடஆந்திரத்து விஜயநகரம், அன்றைக்கு நம் சென்னை மாகாணத்துக்குள் இருந்த ஜமீன். அதற்கு முந்தைய ஆண்டு, 1866-இல், அந்தப் பக்கத்துக் கஞ்சாம் மாவட்டத்தில் ஒரிசாப் பஞ்சம் நுழைந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிருந்தது.

ஸ்டோக் ரோவில் நூற்றாண்டு கொண்டாடிய அதே 1964-இல் விஜயநகரத்தாரின் ஊற்றை ஹைட் பார்க்கிலிருந்து அகற்றிவிட்டார்கள். இருந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை மட்டும் பதித்திருக்கிறது. ஊர் திரும்புகிற வழியில் பார்க்க நினைப்பவர்கள் மார்பிள் ஆர்ச் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிப் பூங்காவுக்குள் நடக்க வேண்டும். தலையைக் குனிந்து தேடினால்தான் அகப்படும்.